ஒரு வீட்டில் முதல் ஊசி யாருக்கு?

புரட்டாசி பிறந்ததும் தடுப்பூசி அறை வாசலில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். ஆறு பேருக்கும் ஒரே சமயத்தில் போட வசதியில்லை. முதலில் யாருக்குப் போடுவது?” கேட்பவர் பெரும்பாலும் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவராக இருப்பார். பல வேளைகளில் விடையையும் அவரே சொல்லிவிடுவார். “பையனுக்குப் போட்டுவிடலாம், அவன்தான் பள்ளியிலிருந்து சளியைக் கொண்டுவருகிறான்.” வேறு சிலர், “நான் படுத்தால் குடும்பமே படுத்துவிடும்; எனக்கே போடுங்கள்” என்பார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் இரண்டும் முதல் விடை அல்ல.

மருத்துவம் இக்கேள்விக்கு வைத்திருக்கும் அளவுகோல் வேறு. காய்ச்சல் யாருக்கு அடிக்கடி வருகிறது, யார் அதை வீட்டுக்குள் கொண்டுவருகிறார், யாருடைய கூலியில் அடுப்பு எரிகிறது என்பவற்றை அது பிறகே பார்க்கிறது. வந்துவிட்டால் யாரை அது மருத்துவமனைப் படுக்கையில் கிடத்தும், யாருடைய உயிருக்கு உலை வைக்கும் என்பதையே முதலில் பார்க்கிறது. அப்படிப் பார்க்கும்போது முன்னுக்கு வருகிறவர்கள், பெரும்பாலும் தமக்கு ஊசி தேவை என்று ஒருநாளும் கேட்காதவர்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

முதலில் நோயைப் பற்றிச் சில வரிகள். மூக்கில் நீர் வடியும் சாதாரணச் சளி வேறு, இன்ஃப்ளூயன்சா வேறு. இன்ஃப்ளூயன்சா திடீரென வரும். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் உடல் நடுங்கி, மூட்டெல்லாம் வலித்து, தலை தூக்க முடியாமல் திரும்புவார். வறட்டு இருமல் பின்தொடரும். உடல்நலம் உள்ள பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவார்கள். எழாதவர்களின் எண்ணிக்கைதான் கவலைக்குரியது. ஆண்டுதோறும் உலகில் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இந்நோய் விளைவிக்கும் சுவாசக் கோளாறுகளால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. இந்தியாவில் பன்றிக்காய்ச்சல் என்று நாம் அழைத்த எச்1என்1 வகை மட்டும் 2015ஆம் ஆண்டில் 42,592 பேருக்கு உறுதி செய்யப்பட்டது. அவர்களுள் 2,990 பேர் இறந்தனர். 2017இல் மீண்டும் 2,270 பேர். இவை ஆய்வகத்தில் சோதித்துக் கண்டறியப்பட்டவை மட்டுமே. வீட்டிலேயே “விஷக்காய்ச்சல்” என்ற பெயரோடு முடிந்துபோனவை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

நோய்க்கிருமி ஒன்றுதான்; அது புகும் உடல்தான் வேறு. ஆகவே ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, ஆள் ஆளாகப் பார்ப்போம்.

ஆறு பேர்

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லைன் வீடு. தாத்தாவுக்கு 68 வயது; பல்லடம் வட்டாரத்து நூற்பாலை ஒன்றில் 30 ஆண்டுகள் கார்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பாட்டிக்கு 61, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகனுக்கு 34, ஓவர்லாக் தையற்காரர். மருமகளுக்கு 28, செக்கிங் வேலை செய்கிறார், ஐந்து மாத கர்ப்பிணி. மூத்த மகளுக்கு 9 வயது, இளையவனுக்கு 3. ஒரு தவணை ஊசிக்குத் தையற்காரரின் இரண்டு மூன்று நாள் சம்பளம் கரைந்துவிடும். அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசி இன்னும் சேரவில்லை. எனவே இந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தில் இரண்டு ஊசிகள் மட்டுமே வாங்க முடியும் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஊசி மருமகளுக்கு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கருவுற்ற பெண்ணின் உடல், வயிற்றில் வளரும் உயிரை அந்நியமெனத் தள்ளிவிடாதிருக்கத் தன் எதிர்ப்பாற்றலைச் சற்றே மாற்றி அமைத்துக்கொள்கிறது. கருப்பை வளர வளர உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரல் விரிய இடம் குறைகிறது. இதயமும் வழக்கத்தைவிடக் கூடுதலாக உழைக்கிறது. இந்நிலையில் வரும் இன்ஃப்ளூயன்சா எளிதில் நிமோனியாவாக முற்றும். 1918இலும் 2009இலும் உலகம் கண்ட பெருந்தொற்றுகள் இரண்டிலும் கர்ப்பிணிகள் அதிகமாகப் பாதிக்கப்பட்டனர். 2012இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லாப் பிரிவினருக்கும் மேலாகக் கர்ப்பிணிகளையே வைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. ஆனால் அந்த ஆறு மாதங்கள்தான் குழந்தைக்கு மிகவும் ஆபத்தானவை. இந்த இடைவெளியை அடைக்க ஒரே வழி, தாய்க்குப் போட்டு, அவள் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சேரச் செய்வது. வங்கதேசத்தில் 340 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, தாய் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதங்களில் உறுதியான இன்ஃப்ளூயன்சா 63 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. நம்மைப் போன்ற வெயிலும் மழையும் நெருக்கடியும் உள்ள நாட்டில் நடந்த ஆய்வு என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

கர்ப்ப காலத்தில் போடும் தனுர்வாத ஊசியை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஃப்ளூ ஊசி என்றதும் மாமியாரிலிருந்து பக்கத்து வீட்டார் வரை கேள்வி எழுப்புகிறார்கள். ஊசியாகப் போடப்படும் இம்மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை. எத்தனையாவது மாதமாக இருந்தாலும் போட்டுக்கொள்ளலாம். மூக்கில் தெளிக்கும் வகை ஒன்று உண்டு. அதில் வலுவிழந்த உயிர்க்கிருமி இருப்பதால் அது மட்டும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் பேருந்தேறும் முன் இந்த ஊசி முடிந்திருப்பது நல்லது.

இரண்டாவது ஊசி தாத்தாவுக்கு. அறுபத்தைந்தைக் கடந்தவர் என்பது ஒரு காரணம். திருப்பூர் வட்டாரத்துக்கே உரிய மற்றொரு காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

தாத்தாவிடம் “உங்களுக்கு ஏதாவது நோய் உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். “ஒன்றுமில்லை” என்பார். பிறகு, “மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? காலையில் எழுந்ததும் இருமிச் சளி துப்புகிறீர்களா? ஆண்டில் மூன்று மாதமாவது இப்படி இருக்கிறதா?” என்று கேளுங்கள். “அது பஞ்சாலை இருமல், நெடுநாளாக இருக்கிறது” என்று பதில் வரும். அவர் நோய் என்று எண்ணாத அதுதான் நோய். ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குப் பிஸ்ஸினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். அதன் தொடக்கம் விசித்திரமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகும்; அடுத்த நாள்களில் தளர்ந்துவிடும். ஆண்டுகள் போகப் போக எல்லா நாளும் இறுகும். கடைசியில் வேலையை விட்ட பின்னும் மூச்சுக்குழல்கள் சுருங்கியே நின்றுவிடும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் இதையும் வைத்திருந்தது. ஆனால் நம் வீடுகளில் இது “பஞ்சு அலர்ஜி” என்ற எளிய பெயரோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

இப்படி ஏற்கெனவே குறுகிய மூச்சுக்குழலில் இன்ஃப்ளூயன்சா புகுந்தால், எஞ்சியிருக்கும் வழியும் வீங்கி அடைபடும். ஒருவார நோய் ஆக்சிஜன் படுக்கையில் முடியும். எனவே பஞ்சாலையிலோ விசைத்தறிக் கூடத்திலோ நெடுங்காலம் வேலை பார்த்து இருமலோடு வாழ்பவர், ஆஸ்துமாவுக்கு மருந்து இழுப்பவர், நெடுநாள் பீடி புகைத்தவர், விறகடுப்புப் புகையில் காலம் கழித்து மூச்சிரைப்புக்கு ஆளான மூதாட்டி ஆகிய எல்லோரும், வயது அறுபத்தைந்து ஆகாவிட்டாலும், முன்வரிசைக்கு உரியவர்கள். இவர்கள் நுரையீரல் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். நிமோகாக்கல் நிமோனியாவுக்கு எதிரான தடுப்பூசி தமக்குத் தேவையா என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பாட்டியின் முறை. 61தானே என்று அவரைப் பின்தள்ளிவிடக் கூடாது. நீரிழிவு நெடுநாள் கட்டுப்படாமல் இருந்தால் வெள்ளை அணுக்கள் கிருமியை எதிர்க்கும் திறன் மழுங்குகிறது. காய்ச்சலோ சர்க்கரையை மேலும் ஏற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. இதய நோயாளிகளின் நிலையும் இத்தகையதே. இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் ஏழு நாள்களில் மாரடைப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு உயர்வதைக் கனடா நாட்டு ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது. மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு அங்கேயே இந்த ஊசியைப் போட்டுப் பார்த்த பன்னாட்டு ஆய்வு 2021இல் வெளியானது. ஓராண்டில் ஊசி போடாதவர்களுள் 4.9 விழுக்காட்டினர் இறந்தனர், போட்டவர்களுள் 2.9 விழுக்காட்டினர். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் அன்பர்கள், மாத்திரைச் சீட்டோடு இந்த ஊசியைப் பற்றியும் இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செல்வது தகும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அப்படி மாத்திரை வாங்குகிறவர்களில் சர்க்கரைக்காரர்கள் அனைவரும் இந்த ஊசிக்கு முன்வரிசைக்காரர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நினைவில் கொள்ள அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் நோய், இரத்த நோய்கள், புற்றுநோய், எச்.ஐ.வி., பக்கவாதம் போன்ற நரம்பு நோய்கள் உள்ளவர்களும், நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் இதே வரிசையில் வருவார்கள்.

பிறகு மூன்று வயது இளையவன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், அதிலும் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள், இந்நோயால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது அதிகம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் போடுமாறு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. நடுவண் சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலோ கர்ப்பிணிகள், நாள்பட்ட நோயாளிகள், அறுபத்தைந்தைக் கடந்தோர், சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோருடன் ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளையும் சேர்த்துச் சொல்கிறது. ஒன்பது வயது நிரம்பாத குழந்தைக்கு வாழ்வில் முதன்முறையாகப் போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். இதை மறந்து ஒன்றோடு நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மகளும் மகனும் எஞ்சியிருக்கிறார்கள். இருவருக்கும் ஊசி வேண்டாம் என்பதல்ல. வசதி வந்ததும் அவர்களும் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் பச்சிளங்குழந்தை வரப்போகிறது என்பதால் போட்டுக்கொள்வதே சிறப்பு. ஆனால் வரிசையில் அவர்கள் கடைசி.

பள்ளிப் பிள்ளை வாதம்

“பையன்தானே கொண்டுவருகிறான்” என்ற வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மனமில்லை. ஒரு நாடு அதையே கொள்கையாகக் கொண்டு கால் நூற்றாண்டு நடந்திருக்கிறது. ஜப்பான் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஃப்ளூயன்சா ஊசி போட்டது. 1977இல் அதைக் கட்டாயமாக்கியது. 1987இல் பெற்றோர் மறுக்கலாம் என்று சட்டம் தளர்ந்தது. 1994இல் திட்டமே நின்றது. பிற்பாடு இறப்புக் கணக்கைப் பார்த்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. பிள்ளைகளுக்கு ஊசி போட்ட ஆண்டுகளில் முதியவர்களின் குளிர்கால இறப்புகள் குறைந்திருந்தன. நிறுத்திய பின் ஏறின. ஏறத்தாழ 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டதனால் ஓர் உயிர் காக்கப்பட்டது என்று 2001இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

அப்படியானால் நம் பையனுக்கு முதலில் போடுவது சரிதானே? இங்கேதான் கவனம் வேண்டும். ஜப்பானில் ஊர் ஊராகப் பள்ளி முழுவதும் போட்டார்கள். அதனால் நோய் பரவும் பாதையே அடைபட்டது. லைன் வீட்டில் ஒரே ஒரு பையனுக்குப் போட்டால் பாதை அடைபடாது. பக்கத்துக் கதவிலிருந்தும், குழாயடியிலிருந்தும், கம்பெனி வேனிலிருந்தும் கிருமி வரத்தான் செய்யும். அரசோ பள்ளியோ எல்லாப் பிள்ளைகளுக்கும் போட முன்வந்தால் அது வேறு கணக்கு. தனிக் குடும்பம் தன் சேமிப்பில் வாங்கும் இரண்டு ஊசிகள், வலுவற்றவர்களின் உடலுக்குள் நேராகச் செல்வதே மேல்.

உலக சுகாதார நிறுவனமும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 2022இல் திருத்திய நிலைப்பாட்டில் கர்ப்பிணிகள், நாள்பட்ட நோயுடையோர், முதியோர், சுகாதாரப் பணியாளர் ஆகிய நால்வரையும் முதல் வரிசையில் நிறுத்தியது. குழந்தைகளை அந்தந்த நாட்டின் நோய்ச்சுமையைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுமாறு விட்டது. இந்தியாவில் குழந்தைகளிடம் நோய்ச்சுமை குறைவில்லை என்பது என் கருத்து. ஆயினும் வரிசையை மாற்றும் அளவுக்கு அல்ல.

இந்த வரிசை எக்காலத்துக்கும் செதுக்கிய கல்வெட்டும் அல்ல. 1918இல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்ற இன்ஃப்ளூயன்சா, முதியவர்களைவிட இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட உழைக்கும் வயதினரைத் தேடித் தேடி வீழ்த்தியது. புதிய வகை ஒன்று உலகைச் சுற்றும்போது கணக்கு மாறலாம். நாம் பேசுவது ஆண்டுதோறும் வரும் பருவகால நோயைப் பற்றி.

ஆண்டுதோறும் ஏன்?

கிருமி சட்டையை மாற்றிக்கொண்டே இருப்பதால். இதைக் கண்காணிக்கும் வேலை நமக்கு அருகிலேயே நெடுங்காலம் நடந்திருக்கிறது. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இந்திய அரசின் இன்ஃப்ளூயன்சா மையம் இயங்கிவந்தது. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த பயணிகளோடு ‘ஆசியக் காய்ச்சல்’ இந்தியாவுக்குள் இறங்கியபோது, அதன் பரவலை ஆராய்ந்து உலகுக்கு எழுதியவர்கள் அந்த மையத்தார். அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவானது. அன்று கப்பலில் வந்தது. இன்று தீபாவளிச் சிறப்புப் பேருந்திலும் தன்பாத் விரைவு வண்டியிலும் வருகிறது. உலகெங்கும் உள்ள இத்தகைய மையங்கள் அனுப்பும் கிருமிகளைப் பார்த்து, உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த வகைகளைத் தடுப்பூசியில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. போன ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டின் சட்டையை அடையாளம் காணாமல் போகலாம்; உடலின் நினைவாற்றலும் மாதங்கள் செல்லச் செல்ல மங்கும். ஆகவே ஊசி போடும் முன், பெட்டியில் அச்சிட்ட ஆண்டு இவ்வாண்டுக்குரியதா என்று கேட்பதில் தவறில்லை.

எப்போது என்பது, யாருக்கு என்பதற்கு இணையான கேள்வி. வட இந்தியாவின் பல நகரங்களில் இந்நோய் ஆடி, ஆவணியில் உச்சம் தொடும். சென்னையிலும் வேலூரிலும் செய்த கண்காணிப்பில் அக்டோபர், நவம்பர் மாதங்களே உச்சமெனத் தெரிந்தது. வடகிழக்குப் பருவமழையோடு ஒட்டி வருகிறது. ஊசி போட்ட இரண்டு வாரம் கழித்தே முழுப் பாதுகாப்பு உருவாகும். நம் ஊரிலோ கையில் மொத்தமாகப் பணம் வருவது தீபாவளி போனஸில். போனஸுக்குக் காத்திருந்தால் மழையும் காய்ச்சலும் முந்திக்கொள்ளும். ஆவணியில் தொடங்கி ஆயுத பூஜைக்குள் முன்வரிசைக்காரர்களுக்கு முடித்துவிடுவது சரியான கணக்கு. தவறவிட்டவர் அதன் பிறகும் போட்டுக்கொள்ளலாம்; 2023 மார்ச்சில் எச்3என்2 வகை பரவியபோது தமிழகம் முழுவதும் காய்ச்சல் முகாம்கள் நடத்த வேண்டியிருந்ததை நினைவுகூர்ந்தால், மழைக்காலம் மட்டுமே இதற்குக் காலம் அல்ல என்பது விளங்கும்.

கம்பெனிகளுக்கும் எங்களுக்கும்

சில நிறுவனங்கள் தொழிலாளர்களுக்காக மொத்தமாக ஊசி வாங்க முன்வருகின்றன. பாராட்டுக்குரியது. ஆனால் அலுவலக அறையிலிருந்து தொடங்கித் தையல் வரிசைக்கு வருவதற்குள் மருந்து தீர்ந்துபோகும் வழக்கம் மாற வேண்டும். செக்கிங்கிலும் கைமடியிலும் உள்ள கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ள அயர்னிங் மாஸ்டர், இரவுக் காவலுக்கு நிற்கும் முதியவர், மூச்சிரைப்போடு கட்டிங் மேசையில் நிற்பவர் ஆகியோரிடமிருந்து தொடங்குங்கள். குழந்தைகள் காப்பகம் இருந்தால் அங்குள்ள பிள்ளைகளும் ஆயாவும் அடுத்து.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப் பேராகத் தங்கும் இளைஞர்கள் எங்கே நிற்கிறார்கள்? நோய் அவர்களிடையே வேகமாகப் பரவும்; ஆயினும் பெரும்பாலோர் பிழைத்தெழும் வயதினர். எனவே பிந்தைய வரிசை. ஆனால் அவர்களுள் ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருப்பார். வேலை போய்விடுமோ என்று சொல்லமாட்டார். அவரவர் மொழியில், தனியாக அழைத்துக் கேட்டால்தான் தெரியவரும். நோயுள்ளவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். காய்ச்சல் கண்டவரை அறையில் தனியே படுக்கவிட்டு, ஒன்றரை ஷிப்டுக்கு அழைக்காமல் இருப்பதும் ஒரு தடுப்பு மருந்தே. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி, தகுதி நாள்கள் நிறைவு செய்திருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு பெறலாம். பொதுவாக முதல் இரண்டு நாள்களுக்கு மட்டும் கிடைக்காது. அந்த இரண்டு நாள்தான் பலரைக் காய்ச்சலோடு மிஷினில் உட்கார வைக்கிறது.

சுகாதாரப் பணியாளர்கள் பட்டியலில் இருப்பது அவர்கள் நலனுக்காக மட்டுமல்ல. ஒரு செவிலியர் ஒரே பணிநேரத்தில் இருபது நோயாளிகளைத் தொடுகிறார். “சிஸ்டர், நீங்கள் இந்த ஆண்டு ஊசி போட்டுக்கொண்டீர்களா?” என்று எங்களைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கோபித்துக்கொள்ள மாட்டோம். வீட்டில் பக்கவாதத் தந்தையைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் மகளும் ஒரு வகையில் சுகாதாரப் பணியாளரே. முதியவர்களின் உடலில் ஊசி சற்றுக் குறைவாகவே வேலை செய்யும். எனவே அவர்களைத் தொட்டுப் பார்த்துக்கொள்பவருக்கும் போடுவது இரண்டாவது வேலி.

சில ஐயங்கள்

“ஊசி போட்டேன்; அதனாலேயே காய்ச்சல் வந்தது” என்பது நாங்கள் அடிக்கடி கேட்பது. போட்ட இடத்தில் வலியும், ஓரிரு நாள் உடல்வலியும் இலேசான காய்ச்சலும் வரலாம். அது உடல் பாடம் கற்கும் அடையாளம், இன்ஃப்ளூயன்சா அல்ல. ஊசி போட்டவருக்கும் நோய் வரக்கூடும் என்பது உண்மையே. கிருமியோடு மருந்து நன்கு பொருந்தும் ஆண்டுகளில் மருத்துவரை நாடவேண்டிய அளவுக்கான நோயை 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கும்; பொருந்தாத ஆண்டில் அதனினும் குறையும். நான் இதை மறைப்பதில்லை. பாதியளவே காக்கும் குடை என்றாலும், நிமோனியா வந்தால் தாங்காத உடலுக்கு அந்தப் பாதியே பெரிது. டெங்குவையும் சாதாரணச் சளியையும் இந்த ஊசி தடுக்காது. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர் அதை இந்த ஊசிக்கு மாற்றாக எண்ணிவிடக் கூடாது.

முன்பு இதே ஊசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் போடக் கூடாது. ஊசிக்குப் பின் ஆறு வாரத்துக்குள் கில்லியன் பாரே என்னும் நரம்புத் தளர்ச்சி வந்தவர் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கடுங்காய்ச்சலில் இருப்பவர் தணிந்தபின் வரலாம். முட்டை ஒவ்வாமை முன்போல் தடையாகக் கருதப்படுவதில்லை, ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

முன்வரிசைக்காரர் யாருக்காவது ஊசி போட்டும் போடாமலும் காய்ச்சலோடு இருமலும் தொண்டைவலியும் வந்தால், மூன்று நாள் பார்க்கலாம் என்று காத்திராதீர்கள். ஓசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கும்போது அதிகப் பயன் தரும். மருத்துவர் பார்த்துத் தருவார். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் போன்ற தூக்கம், சளியில் இரத்தம், நகம் நீலமாதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அவசரப் பிரிவுக்கே வந்துவிடுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, விடாத கடுங்காய்ச்சலில் சோர்ந்து கிடந்தாலோ அவ்வாறே.

இனி அந்தக் குடும்பத்தின் கணக்கை முடித்துவிடலாம். முதல் சனிக்கிழமை மருமகளும் தாத்தாவும். இரண்டாவது சனிக்கிழமை பாட்டி. மூன்றாவதில் இளையவனுக்கு முதல் தவணை. அவனது இரண்டாம் தவணை அதிலிருந்து நான்கு வாரம் கழித்து. இடைப்பட்ட வாரங்களில் மகளும் மகனும். இருவருக்கும் ஒரு தவணை போதும். வரும்போது பாட்டியின் மாத்திரைச் சீட்டையும், மருமகளின் தாய்சேய் அட்டையையும், இளையவனின் தடுப்பூசி அட்டையையும் கொண்டுவாருங்கள். தாத்தா நூற்பாலையில் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்பதை மறவாமல் சொல்லுங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுச் செல்லுங்கள்.